கணவர் ஃபீல்டு போகிறார்: போன் வராத நாட்களை எப்படிக் கடப்பது?

கேள்வி இது: "ராணுவத்தில் இருக்கும் என் கணவருக்கு இன்னும் பதினைந்து நாளில் லீவு முடிகிறது. யூனிட் லடாக் பக்கம் ஃபீல்டுக்கு, அதாவது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத எல்லைப் பணிக்கு, ஏறுகிறது. சண்டை மூளும் என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நான் திருவண்ணாமலை பக்கம் மாமியார் வீட்டில், ஏழு வயது மகளோடும் இரண்டு வயது மகனோடும் இருக்கப்போகிறேன். எப்படிச் சமாளிப்பது?"

பயத்தை முழுதாகப் போக்க வழி எதுவும் இல்லை. அவர் உயிரைப் பற்றிய கவலை அவர் திரும்பும்வரை கூடவே இருக்கும். ஆனால் அந்தக் கவலையைத் தாங்குகிற பெண்களும் தடுமாறி விழுவது வேறு இடத்தில்: வங்கி ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகிறது, போன் அணைந்து கிடக்கிறது. நகைக்கடனைத் திருப்பிவைக்கும் தேதி அவருக்கு மட்டும்தான் தெரியும். பள்ளியில் அப்பா கையெழுத்து கேட்கிறார்கள். நான்கு நாளாகப் பேச்சு மூச்சு இல்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. இவற்றில் பெரும்பாலானவற்றை இந்தப் பதினைந்து நாளில் சரிசெய்துவிடலாம். அவர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை, அவர் மலையேறிய பின் மூன்று மாதம் இழுக்கும்.

முதலில் பணம். சம்பளம் அவர் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வரும். ஏ.டி.எம். கார்டை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் பல வீடுகளில் வழக்கம். அது போதாது. கார்டு பழுதானால் சரிசெய்ய அவர்தான் வேண்டும். உங்கள் பெயரில் தனிக் கணக்கு ஒன்று இருக்கட்டும். அவர் சம்பளக் கணக்கிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை தானாக அதற்கு வரும்படி வங்கிக் கிளையில் நிலையான உத்தரவு எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். தேதியைச் சம்பளம் விழும் நாளிலிருந்து இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள். அதே நாளில் வைத்தால், சம்பளம் ஒரு நாள் தாமதமானாலும் உத்தரவு பணம் இல்லாமல் திரும்பிவிடும். மூன்று மாதச் செலவுக்கான தொகை உங்கள் கணக்கில் முன்கூட்டியே இருந்தால் பாதி இரவுகள் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்து ஓ.டி.பி. சமையல் எரிவாயு, ரேஷன் கார்டு, குழந்தைகளின் ஆதார், பள்ளிச் செயலி, மின் இணைப்பு என எதிலெல்லாம் அவர் எண் பதிவாகி இருக்கிறதோ அதிலெல்லாம் உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள். சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் குறியீட்டு எண் லடாக்கில் இருக்கும் போனுக்குப் போய்ப் பயனில்லை.

ஒரு நோட்டு போடுங்கள், கைபேசிக் குறிப்பு வேண்டாம், காகித நோட்டே நல்லது. அதில் ஒவ்வொரு கடனுக்கும் தவணைக்கும் ஒரு பக்கம்: வீட்டுக்கடன், நகைக்கடன், எல்.ஐ.சி., சீட்டு, கைமாற்று. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி, ரசீது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். நகைக்கடன் பக்கத்தில் முடியும் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பெரும்பாலும் ஓராண்டுக்குள் திருப்ப வேண்டும் அல்லது புதுப்பிக்க வேண்டும், தவறினால் ஏல அறிவிப்பு வரும். அடகு வைத்தது அவர் பெயரில் என்றால் மீட்கவும் அவர் கையெழுத்து கேட்பார்கள். முடிந்தால் இப்போதே மீட்டு, தேவையானால் உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். கைமாற்றுக் கடனை அவரே வாயால் சொல்லி எழுதவைப்பது முக்கியம். அவர் இல்லாத நேரத்தில் "தம்பி எங்கிட்ட ஒரு லட்சம் வாங்கினான்" என்று வருபவருக்கு அந்தப் பக்கம்தான் பதில் சொல்லும்.

இனி, பலரும் அபசகுனம் என்று தள்ளிப்போடும் விஷயம்: ராணுவப் பதிவேட்டில் உங்கள் பெயர். இதைக் கேட்பதற்குத் தயங்காதீர்கள். நாமினி எழுதுவது பட்டாளத்தில் சேரும்போதே ஒவ்வொருவரும் செய்கிற வேலை, அதைச் சரிபார்ப்பதில் எந்தச் சகுனமும் இல்லை. கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர், அதாவது அந்த விவரத்தை அவர் பணிப் பதிவில் ஏற்றும் உத்தரவு, வெளியாக வேண்டும். அது வெளியாகாதவரை ராணுவக் கணக்கில் நீங்களும் குழந்தையும் இல்லை. எம்.எச். (ராணுவ மருத்துவமனை) அட்டை, கேன்டீன் அட்டை, குழந்தைகளின் கல்விப்படி எல்லாம் அதன் பின்னால்தான் வரும். கல்யாணமானபோது பதிந்திருப்பார்கள், இரண்டாவது குழந்தையை விட்டிருப்பார்கள். இது அடிக்கடி நடக்கிறது. உங்கள் மகனுக்கு ஆர்டர் வந்துவிட்டதா, அதன் எண்ணும் தேதியும் என்ன என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். ராணுவக் குழுக் காப்பீட்டு நிதி, சேமநல நிதி, சம்பளக் கணக்கு மூன்றிலும் நாமினி யார் என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதி, பிறகு மாற்ற மறந்தவர்கள் ஏராளம். ஒன்றில் மாற்றினால் மற்றவை தானாக மாறாது. அம்மாவுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று அவர் விரும்பினால் அதையும் சதவீதமாக எழுதிவிடுவதுதான் எல்லோருக்கும் மரியாதை.

பெயர் பொருந்தாமை நம் ஊருக்கே உரிய தலைவலி. இனிஷியல் பழக்கத்தை வடக்கே உள்ள படிவங்கள் புரிந்துகொள்வதில்லை. ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியலோடு ஒரு பெயர், சர்வீஸ் பதிவேட்டில் கணவர் பெயரைப் பின்னால் ஒட்டி ஒரு பெயர். இந்த மூன்றும் ஒரே ஆள் என்று பிறகு நிரூபிப்பதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். சர்வீஸ் பதிவேட்டில் எழுத்துக்கு எழுத்து என்ன இருக்கிறது என்று பார்த்து, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள், அல்லது பதிவேட்டைத் திருத்த அவரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். உங்களுடையது பதிவாகாமல் இருந்தால், அவர் ஊரில் இருக்கும் இந்தப் பதினைந்து நாள்தான் அதற்கு நேரம்.

நிலம், வீடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "எல்லாத்துக்கும் ஒரு பவர் எழுதிக் கொடுத்துட்டுப் போறேன்" என்று அண்ணனுக்கோ நண்பருக்கோ பொது அதிகாரப் பத்திரம் எழுதவிடாதீர்கள். வேண்டியது இன்ன வீட்டுக்கு வரி கட்ட, இன்ன வழக்கில் ஆஜராக என்று வேலையைக் குறிப்பிட்ட சிறப்பு அதிகாரப் பத்திரம், அதுவும் உங்கள் பெயரில். பட்டா நகலும் வில்லங்கச் சான்றும் ஒன்று எடுத்து வையுங்கள். அவர் இல்லாதபோது யாராவது வேலியை நகர்த்தினால் தனியாகப் போய்ச் சண்டை போட வேண்டாம். அவர் தன் கமாண்டிங் ஆபீசரிடம் சொன்னால் யூனிட்டிலிருந்து கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் கடிதம் வரும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் உதவும். பெயரைப் பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அது பொறுப்பு. அவர் மேல் சிவில் வழக்கு நடந்தால், 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம் துணை நிற்கும். போர்ச் சூழலில் பணிபுரிவதாக ராணுவத்திலிருந்து சான்று வந்தால், அவர் இல்லாமல் வழக்கை நடத்தாமல் நீதிமன்றம் ஒத்திவைக்க வேண்டும். இதை உள்ளூர் வக்கீல்களில் பலர் அறியமாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள்.

இப்போது அந்த மௌனத்துக்கு வருவோம். படைவீரர் மனைவிக்கு மிகக் கடினமானது இதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் மௌனம் ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். அதனால் கிளம்புமுன் எண்ணை போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடட்டும். முன்னணி போஸ்ட்டுகளில் டவரே இருக்காது. கீழே பேஸ் முகாமுக்கு இறங்கும் நாளில்தான் பேச முடியும். கடுங்குளிரில் பேட்டரி கண்முன்னே வடியும். பனிப்புயல் வந்தால் இறங்குவது தள்ளிப்போகும். ஆபரேஷன் தொடங்கினால் போன் பயன்பாட்டையே நிறுத்திவிடுவார்கள். இதில் ஒவ்வொன்றும் அவர் நலமாக இருக்கும்போதே நடப்பவை. ஆகவே கிளம்புமுன் இருவரும் ஒன்றைத் தெளிவாகப் பேசிவையுங்கள்: "எத்தனை நாள் பேச்சில்லாவிட்டால் சாதாரணம்?" அவர் போகும் இடத்தைப் பொறுத்து அவருக்கே தெரியும். பத்து நாள் என்றால் பத்து நாள். அதுவரை மௌனத்தை மௌனமாகவே வையுங்கள், செய்தியாக்காதீர்கள். தினமும் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன் என்ற வாக்கை அவர் தரவே கூடாது. அன்பில் கொடுக்கும் அந்த வாக்கு, ஒன்பதரைக்கு உங்களைத் துடிக்கவைக்கும்.

அந்த எல்லை தாண்டினால் யாரைக் கேட்பது? அவருடைய ராணுவ எண், ரேங்க், முழுப்பெயர், யூனிட், கம்பெனி, அவர் பணிப் பதிவேட்டை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தின் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் ரெக்கார்ட்ஸ் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. யூனிட் மேலே போகும்போது பின்னால் தங்கிவிடும் அலுவலகத்தில் இருப்பவர் ஒருவருடைய எண்ணையும், அதே யூனிட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். ராணுவ எண் கையில் இல்லாமல் பேசினால் எந்த அலுவலகத்திலும் பதில் கிடைக்காது.

கெட்ட செய்தி வந்தால் எப்படி வரும் என்பதையும் தெரிந்துவைப்பது பயத்தைக் குறைக்கும். அது யூனிட் அல்லது ரெக்கார்ட்ஸ் வழியாக, பக்கத்து ராணுவ நிலையம், மாவட்ட நிர்வாகம் மூலம், பதிவேட்டில் உள்ள நெருங்கிய உறவினருக்கு வரும். வாட்ஸ்அப் பார்வர்டாக வராது. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின் நான்கு நாட்களில் பழைய வீடியோக்களும் கணினி விளையாட்டுக் காட்சிகளும் போர்க்காட்சி என்று சுற்றின. அவற்றைப் பார்த்து எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ஆகவே பதிவேட்டில் உங்கள் இன்றைய முகவரியும் போன் எண்ணும் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அம்மா வீட்டுக்கு மூன்று மாதம் போவதானால் அதையும் தெரிவியுங்கள். டி.வி. செய்தியைக் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி என்று நிறுத்துங்கள். விவாத நிகழ்ச்சி வேண்டவே வேண்டாம். அங்கே கத்துகிறவர்களுக்கு உங்கள் கணவர் இருக்கும் போஸ்ட்டைப் பற்றி எதுவும் தெரியாது.

இன்னொரு அபாயம், "உங்க வீட்டுக்காரருக்கு அடிபட்டிருக்கு, ஆபரேஷனுக்கு உடனே பணம் அனுப்புங்க" என்று வரும் அழைப்பு. ராணுவம் காயமடைந்தவரின் சிகிச்சைக்குக் குடும்பத்திடம் பணம் கேட்காது. போனை வைத்துவிட்டு யூனிட்டைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண் 1930ஐக் கூப்பிடுங்கள். அவர் சீருடைப் படத்தை, ரயிலேறும் படத்தை, இருக்கும் இடத்தை எங்கும் போடாதீர்கள். இந்த மோசடிக்காரர்களுக்குப் பெயரும் யூனிட்டும் கிடைப்பது அங்கிருந்துதான். போனில் "எங்க இருக்கீங்க" என்று கேட்பதையும், இடத்துக்கு இரகசியச் சொல் வைத்துக்கொள்வதையும் விட்டுவிடுங்கள்.

கடிதம் எழுதுங்கள். பழங்கால வழக்கம் என்று தள்ளாதீர்கள். போன் இல்லாத போஸ்ட்டில் காகிதத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்க முடியும். முகவரியில் ஊர்ப்பெயர் இருக்காது. ராணுவ எண், ரேங்க், பெயர், யூனிட், பிறகு ராணுவத் தபால் நிலையத்தைக் குறிக்கும் "56 ஏ.பி.ஓ." அல்லது கிழக்கே என்றால் "99 ஏ.பி.ஓ.", ஒன்பதில் தொடங்கும் பின்கோடு. ஒவ்வொரு கடிதத்துக்கும் மேலே வரிசை எண் போடுங்கள். மூன்று கடிதம் ஒன்றாகப் போய்ச் சேரும்போது எதை முதலில் படிப்பது என்று அவருக்குத் தெரியும், நடுவில் ஒன்று தொலைந்தால் அதுவும் தெரியும். பார்சலைத் தபால் நிலையத்தில் கொடுங்கள், தனியார் கூரியர் ஏ.பி.ஓ. முகவரிக்குப் போகாது. பருப்புப்பொடி, எள்ளுருண்டை, கடலைமிட்டாய் தாங்கும். முறுக்கை டப்பாவில் இறுக்கமாக அடுக்கவில்லை என்றால் தூளாகப் போய்ச் சேரும். எண்ணெய் ஊறுகாய் கசிந்து கடிதத்தையும் கெடுத்துவிடும்.

வீட்டுக்குள் ஒன்று. பத்து நாளுக்கு ஒருமுறை ஏழு நிமிடப் பேச்சு கிடைக்கிறது. மாமியாரும் நீங்களும் ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஏழு நிமிடத்தில் பிறக்கும் மனத்தாங்கல் ஏழு மாதம் நிற்கும். கிளம்புமுன் அவரே எல்லோர் முன்னிலையிலும் சொல்லட்டும்: ஒரு முறை அம்மாவோடு முதலில், அடுத்த முறை உங்களோடு முதலில், குழந்தைகளுக்கு எப்போதும் ஒரு நிமிடம். அம்மாவுக்கு மாதம் எவ்வளவு என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால், நீங்கள் கொடுப்பது உங்கள் தயவு போலவும் மாமியார் கேட்பது பிச்சை போலவும் ஆகாது. மாமியாரும் அதே இரவில் அதே பயத்தோடுதான் விழித்திருக்கிறார். அங்கே இருக்கவே முடியாத நிலை என்றால், கன்டோன்மென்ட்களில் ஃபீல்டில் இருப்பவர்களின் குடும்பத்துக்கென்று உள்ள எஸ்.எஃப். (செபரேட்டட் ஃபேமிலி) குவார்ட்டர்ஸுக்கு அவர் விண்ணப்பிக்கலாம். எம்.எச்., பள்ளி, கேன்டீன் பக்கத்தில் இருக்கும். 1966இல் தொடங்கிய ஆவா எனும் ராணுவ மனைவியர் நலச் சங்கத்தின் நல மையமும், இதே நிலையில் உள்ள பெண்களும் இருப்பார்கள். காலி இல்லாமல் பல மாதம் காத்திருக்க வேண்டியும் வரலாம், ஆகவே முன்பே எழுதிப் போடுங்கள்.

குழந்தைகள். ஏழு வயது மகளிடம் "அப்பா நாளைக்கு வந்துருவார்" என்று சொல்லாதீர்கள். "அப்பா பனிமலையில காவல் வேலையில இருக்கார். போன் எடுக்காத எடம். வரும் தேதி நமக்கு இன்னும் தெரியாது" என்பது போதும். சாப்பாட்டைக் குறைப்பது, வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுப்பது, விட்டிருந்த படுக்கை நனைப்பு திரும்புவது ஆகியவை அவள் வாயால் சொல்லாத கவலை. அடிக்காதீர்கள், வகுப்பு ஆசிரியையிடம் நிலைமையைச் சொல்லிவையுங்கள். நாட்காட்டியில் வரும் தேதியைக் குறித்து நாளை அடித்துக்கொண்டு வரும் பழக்கம் வேண்டாம். சண்டைக் காலத்தில் லீவு ரத்தாகும், விமானம் பனியில் நிற்கும், குறித்த நாளில் அவர் வராவிட்டால் குழந்தை நொறுங்கிப்போகும். மாறாக, ஒரு கண்ணாடிப் புட்டியில் தினம் ஒரு புளியங்கொட்டை போடச் சொல்லுங்கள். அப்பா வரும்போது எண்ணிக் காட்டலாம். நிறைந்துகொண்டு போகும் புட்டிக்குத் தேதி தப்புவதில்லை. இரண்டு வயது மகனுக்கு முகம் மறந்துபோகும். அவர் போவதற்குமுன் கதை சொல்லி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தாலாட்டு முனகிப் பத்துச் சின்ன வீடியோக்கள் எடுத்துவையுங்கள். தினமும் ஒன்று, தூங்கும் நேரத்தில்.

உங்கள் உடம்பைப் பற்றி. 2003 முதல் 2006 வரையிலான மருத்துவப் பதிவுகளை வைத்து, அமெரிக்க ராணுவத்தினரின் மனைவியர் சுமார் இரண்டரை லட்சம் பேரைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. கணவர் போர்க்களத்தில் இருந்த பெண்களிடம் மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, பதற்றம் கூடுதலாக இருந்தன. பதினொரு மாதத்துக்கு மேல் நீண்டபோது இன்னும் கூடின. எனவே உங்களுக்குத் தூக்கம் போவதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. நம் பெண்களிடம் இது படபடப்பு, பிடரிவலி, சாப்பிட்டது இறங்காமை என்று உடம்பு வழியாகத்தான் வரும். இ.சி.ஜி. எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். தூக்கமின்மையும் எதிலும் மனம் ஒட்டாமையும் இரண்டு வாரம் தொடர்ந்தால், அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ எம்.எச்.சுக்கோ போங்கள். இரவில் முடியாத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே பேசுங்கள். மருந்தில்லாமல் உதவுவது, வீட்டுக்கு வெளியே தினம் ஒரு வேலை. தையல் வகுப்போ, சுயஉதவிக் குழுக் கணக்கோ, அரைமணி நடையோ, எதுவானாலும் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகும்படி இருக்கட்டும்.

அவர் லீவில் வருவதும் ஒரு கட்டம்தான். ஜவான்களுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் (சி.எல்.) உண்டு என்றாலும், சண்டைக் காலத்தில் அது துண்டு துண்டாகவே கிடைக்கும். வடக்கிலிருந்து ரயில் பிடித்தால் பயணத்திலேயே இரண்டு மூன்று நாள் போய்விடும். வந்த முதல் வாரம் குலதெய்வம் கோயில், விருந்து, வரவேற்பு எதையும் ஏற்காதீர்கள், தூங்கவிடுங்கள். "எத்தனை பேரைச் சுட்டே?" என்று கேட்கும் மாமன்மார்களை நீங்களே வாசலில் தடுத்துவிடுங்கள். வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுவார், தீபாவளி நேரம் என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இத்தனை மாதம் நீங்கள் நடத்திய வீட்டில் அவர் வந்ததும் எல்லாவற்றையும் கையிலெடுப்பார், அல்லது எதையும் தொடாமல் விருந்தாளிபோல் உட்கார்ந்திருப்பார். இரண்டிலும் கோபம் வரும். நோட்டை எடுத்து வைத்து, இந்த லீவில் எந்தெந்த வேலை அவருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கெட்ட கனவு, காரணமில்லாத வெறி, தினமும் ரம் என்று ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால், யூனிட்டுக்குத் திரும்புமுன் எம்.எச். மனநல மருத்துவரைப் பார்க்கச் சம்மதிக்க வையுங்கள்.

மகன் அவரிடம் முதலில் போகமாட்டான், அழுவான். பிடித்துத் தூக்கித் திணிக்காதீர்கள். அவர் தரையில் உட்கார்ந்து, மகளோடு புளியங்கொட்டைகளை எண்ணட்டும். இரண்டு மூன்று நாளில் சின்னவன் தானாகவே வந்து ஒரு கொட்டையை எடுத்து அவர் கையில் வைப்பான். அதுவரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.